இரண்டாவது வாஷர்

அக்கா,

உங்கள் மகள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அனுப்பிய பொட்டலம் இன்று காலை வந்தது. பழைய பனியன் துணி, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் சணல். நான் சணலை வெட்டாமல் முடிச்சை அவிழ்த்தேன். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. துணி விலகியதும் மண்ணெண்ணெய் மணம் கூடம் முழுக்கப் பரவியது. அடுப்படியிலிருந்து மருமகள், "மாமா, எதையும் கொட்டிட்டீங்களா?" என்று குரல் கொடுத்தாள். ஒன்றும் கொட்டவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

உள்ளே நான்கு ஸ்பார்க் பிளக்குகள் இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் செப்பு வாஷர் இரண்டு. எண்ணிப் பார்த்தேன், எட்டு. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினேன், எட்டுதான். கூடவே உங்கள் மகள் எழுதிய துண்டுச் சீட்டு: "மாமா, அம்மா வண்டியை மறுபடியும் ஓட்டலாம்னு இருக்கேன். ரெண்டு வருஷமா நிக்குது. புது பிளக் எது போடணும்னு நீங்கதான் சொல்லணும். கழட்டினது கழட்டினபடியே அனுப்பியிருக்கேன். எதையும் துடைக்கலை."

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன்.

நீங்கள் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது மகன் வீட்டில், வெளியூரில் இருந்தேன். வந்து பார்க்க முடியவில்லை. அப்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. எழுத உட்காரும்போதெல்லாம், உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களிடமே சொல்வதில் என்ன பொருள் என்று தோன்றி எழுந்துவிடுவேன். ஆனால் அந்தக் கதையில் உங்களுக்குத் தெரியாத ஒன்றரை நாள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இது. அங்கே போய்ச் சேர, முதலிலிருந்து வரிசையாகத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கடைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் நீங்கள் வந்தீர்கள். கடையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பத்துப் பேரும் ஆண்கள். நீங்கள் யாரையும் தள்ளாமல், யாருக்கும் ஒதுங்காமல் முன்னால் வந்து, துணி முடிச்சை அவிழ்த்து நான்கு பிளக்குகளைப் பலகையில் வைத்தீர்கள்.

ஒரு லாரி டிரைவர் சும்மா இருக்கமாட்டாமல், "என்னக்கா, தையல் மிசினுக்கும் பிளக்கு வந்துருச்சா?" என்றார்.

"ஆமாய்யா. ஒன் வாயத் தைக்கலாம்னு வந்தேன். சின்ன மிசினு பத்தாதுன்னுட்டாக."

கடையே சிரித்தது. முதலாளிகூடச் சிரித்தார். நான் மட்டும் அடுத்து என்ன நடக்குமோ என்று பயந்து கையிலிருந்த ரசீதுக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"பி.எஸ்ஸி அண்ணாச்சி நீங்கதானா?"

ஆமாம் என்றேன். இயற்பியல் படித்துவிட்டு வாத்தியார் வேலைக்குப் போய், வகுப்பில் வாய் திறக்கப் பயந்து ஒரே வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். ஊரில் எனக்கு அந்தப் பட்டம்தான் பெயர். அன்றிலிருந்து நீங்கள் என்னை அண்ணாச்சி என்றீர்கள், நான் உங்களை அக்கா என்றேன். இருவரில் யார் மூத்தவர் என்று கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

உங்கள் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். சுந்தரபாண்டியத்தில் ஒரு சீமை டிராக்டர், பெட்ரோலில் கிளப்பி எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. டீசல் டிராக்டருக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதனால் டிராக்டருக்குப் பிளக் கேட்டு வருபவர்கள் எங்கள் கடைக்கு வருடத்தில் ஒருவரோ இருவரோதான். மலையடிவாரத்து எஸ்டேட் ஒன்று ஏலம் போட்டபோது உங்கள் வீட்டுக்காரர் அதை வாங்கினார். மூன்று வருடம் கூலிக்கு உழுதார். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிறகு நீங்கள் வற்றிப்போன கண்மாய்க்குள் அந்த வண்டியை இறக்கி, வட்டம் வட்டமாக ஓட்டிப் பழகினீர்கள் என்றும், ஊரே கரைமேல் நின்று வேடிக்கை பார்த்தது என்றும் சொல்வார்கள்.

"அரை நாளைக்கு ஒருக்க கறுப்பாப் போயி நின்னுருது, அண்ணாச்சி. கழட்டி அடுப்புல சுட்டு, தொடச்சு மாட்டுறேன். எம்புட்டு நாளைக்குத்தான் பிளக்க வறுத்துக்கிட்டு இருக்க?"

எடுத்துப் பார்த்தேன். நுனி முழுக்க ஈரமான கரி. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் படிந்தது. இதில் எனக்குக் குழப்பமே இல்லை. பிளக்கின் நுனி தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் அளவுக்குச் சூடாக இருக்கவேண்டும். பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு தங்கும், குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். உங்கள் வண்டிக்கு ஒரு படி கூடுதல் சூடு தங்கும் பிளக் வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு கம்பெனியில் எண் ஏற ஏறச் சூடு, இன்னொரு கம்பெனியில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. எத்தனையோ கடைக்காரர்கள் இந்த இடத்தில் சறுக்குவார்கள். நான் சறுக்கவில்லை. மூன்று பட்டியல்களை ஒப்பிட்டு, மரை அளவு பார்த்து, மரையின் நீளம் பார்த்து, இடைவெளியை அளவுத் தகட்டால் சரிபார்த்துத்தான் எடுத்து வைத்தேன். நீங்கள் முக்கால் மணி நேரம் நின்றீர்கள்.

"பொண்ணு பாக்கக்கூட எங்க வீட்டுல இம்புட்டு நேரம் எடுக்கல" என்றீர்கள்.

பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் கடையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாரும் எதையும் விளக்கமாட்டார்கள். கழற்றியதைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து பலகையில் வைத்து, "இது மாதிரி ஒண்ணு" என்பார்கள். அதற்குச் சாம்பிள் என்று பேர். சாம்பிளைப் பார்ப்பேன், புத்தகத்தைப் பார்ப்பேன், சரக்கை எடுப்பேன். மனிதர்களிடம் பேசவேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வழக்கம் மிகவும் வசதி. நீங்கள் கொண்டுவந்த சாம்பிளில் பிளக்குக்கு இரண்டு வாஷர் இருந்தது. புத்தகத்தில் ஒன்றுதான். பழைய வாஷர் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதியதை மாட்டுவது எங்கும் நடக்கிற தவறு. அதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

"இனிமே ஒண்ணு போதும்கா. உள்ள ஒட்டியிருந்தா நெம்பி எடுத்துருங்க" என்றேன். ஒரு வாஷர் போட்ட நான்கு புதுப் பிளக்குகளைக் கொடுத்தேன். பழையதைக் கழிவு டப்பாவில் போட்டேன். நீங்கள் போனதும் என் நோட்டில் தேதியிட்டு, பிளக் எண் எழுதி, அதன்கீழே "அதிகப்படி வாஷர் நீக்கப்பட்டது" என்று எழுதினேன். அதன் அடியில் ஒரு கோடுகூடப் போட்டேன். அன்று மாலை எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பம்புசெட்டுக்கு பெல்ட் வாங்க வந்தார். பேச்சுவாக்கில் முதலாளியிடம் சொன்னார்: "அந்தக்கா வண்டி படுத்துருச்சுல்லா. புது பிளக்கு மாட்டி ஓட்டுனாவ, சுத்தியல்ல அடிச்ச மாதிரி டக்கு டக்குனு சத்தம். பொறவு நின்னதுதான். சத்தத்தக் கேட்டே மெக்கானிக்கு எஞ்சினு போச்சுன்னுட்டான். ஞாயித்துக்கெழம பழைய இரும்புக்காரன் வாரான், ஒடச்சு ஏத்திட்டுப் போக."

நான் கையிலிருந்த பெல்ட்டைக் கீழே போட்டேன். முதலாளி என்னைப் பார்த்தார்.

"நாம சரக்கு சரியாத்தானய்யா குடுத்தோம். கெழட்டு வண்டி சாவுறதுக்கு நீரு ஏன் மூஞ்சியத் தொங்கப்போடுதீரு?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தம். பிளக்கை மாற்றியதும் வருகிற சத்தம். எல்லோரும் சாப்பிடப் போனபின் கழிவு டப்பாவைக் கவிழ்த்தேன். உங்கள் பழைய பிளக்குகள் அடியில் கிடந்தன. நான்கிலும் இரண்டிரண்டு வாஷர். அப்போதுதான் உறைத்தது. தெரியாமல் ஒட்டிக்கொண்டு நின்றதாக இருந்தால் ஒன்றில் இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டில் இருக்கும். நான்கிலும் எப்படி இருக்கும்? யாரோ வேண்டுமென்றே வைத்தது. பிளக் ஒரு வாஷர் கனம் மேலே நிற்கவேண்டும் என்று தெரிந்த ஒருவர் வைத்தது. அதை நான் எடுத்தேன். பிளக் அந்த அளவுக்கு உள்ளே இறங்கியது. மேலேறி வந்த பிஸ்டன் அதை இடித்தது. டக்கு டக்கு.

வெர்னியர் அளவுகோலால் வாஷரை அளந்தேன். மறுபடியும் அளந்தேன். எத்தனை முறை அளந்தாலும் கனம் மாறவில்லை.

அக்கா, இங்கிருந்துதான் உங்களுக்குத் தெரியாதது.

எனக்கு வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே தெரிந்துவிட்டது. அப்போதே பஸ் ஏறியிருந்தால் பொழுது சாயுமுன் உங்கள் வீட்டில் நின்றிருப்பேன். நான் போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை. கடைக்குக் கெட்ட பேர் வரும், வேலை போகும், நீங்கள் ஊர் நடுவே வைத்துக் கேட்பீர்கள் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. சனிக்கிழமை காலையில் எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன்: மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிட்டான், அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? அந்த நான்கு பிளக்குகளையும் திரும்பக் கழிவு டப்பாவில் போட்டு மூடினேன். போகப்போவதில்லை என்று முடிவும் செய்துவிட்டேன். அதோடு நிற்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன்.

கிழிக்க முடியவில்லை. மனசாட்சி என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. என் நோட்டில் எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டிருந்தேன். அறுபத்து மூன்றைக் கிழித்தால் அறுபத்து நான்கும் போகும். போனால் அறுபத்து இரண்டுக்குப் பிறகு அறுபத்து ஐந்து வரும். அந்த நோட்டை எடுக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படும். அதைத் தாங்கமுடியாது என்று தோன்றியது. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, என் கையெழுத்தில் அந்த வரியையும் அடியில் போட்ட கோட்டையும் பார்த்தபடி சனிக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து புதிய பிளக் நான்கும் வாஷர் எட்டும் எடுத்துப் பையில் போட்டேன். தைரியம் வந்து கிளம்பியவன் அல்ல நான். பக்க எண் கெட்டுப்போகுமே என்று கிளம்பியவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி உங்கள் ஊர் வழியாகப் போகும் வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நின்றபோது, வெறுங்கையோடு போவதா என்று கால் கிலோ பால்கோவா வாங்கினேன். வாங்கியபின், இது லஞ்சம் கொடுப்பது போல இருக்குமோ என்று பைக்கு அடியில் தள்ளினேன். பஸ்ஸில் அது நசுங்குமோ என்று மறுபடி மேலே எடுத்தேன். மேற்கே மலைமேல் மேகம் கறுத்து நின்றது. வழியெல்லாம் வயல்களில் டீசல் டிராக்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

உங்கள் வாசலில் லாரி நின்றது. இரும்புக்காரர் கயிறும் கடப்பாரையுமாக இறங்கியிருந்தார். நீங்கள் டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தீர்கள். இறங்கினால்தானே எடுத்துப்போக முடியும் என்பதுபோல.

"வாங்க அண்ணாச்சி. எழவு கேக்க வந்தீகளா?"

நான் என்னவோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க, லாரி ஓடுதுல்ல!"

மூச்சை இழுத்துக்கொண்டு வாழ்நாளில் கத்தாத அளவுக்குக் கத்தினேன். நான் வாயைத் திறந்த அந்த நேரம் பார்த்துத்தான் லாரிக்காரர் எஞ்சினை நிறுத்தினார். "தப்பு என்னுது!" என்ற என் குரல் தெருக்கோடி வரை போயிற்று. எதிர்வீட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து பார்த்தார்.

நீங்கள் இறங்கினீர்கள். நான் வாஷர் விஷயத்தைத் தலைகால் புரியாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்பேனரை எடுத்து முதல் பிளக்கைக் கழற்றினீர்கள். அதன் நுனி தட்டையாகியிருந்தது. பொறி தாண்டவேண்டிய இடைவெளி முழுக்க அடைத்துப்போயிருந்தது. அதை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தீர்கள்.

"பல்லக் கடிச்சிட்டுல்ல கெடக்கு."

அப்புறம்தான் உங்களுக்குக் கோபம் வந்தது. "மூணு நாளு, அண்ணாச்சி! விதை நெல்ல ஊறப்போட்டுட்டு எம்புட்டு பேரு இந்த வாசல்ல வந்து நின்னாவ தெரியுமா? அம்புட்டு பேரும் டீசல் வண்டிக்குப் போயிட்டாவ. போகையில சும்மா போனாவளா? 'பொம்பள ஓட்டுன வண்டி வேற எப்பிடி இருக்கும்'னு சொல்லிட்டுப் போனாவ. நானும் நம்பிட்டேன். எங்க வீட்டுக்காரரு ஓட்டுனப்ப நல்லா ஓடுன வண்டி, என் கைதான் வெளங்கலன்னு நம்பித்தான் இந்த ஆளுக்குச் சொல்லி விட்டேன்."

நான் எதிர்பார்த்து வந்த ஏச்சு அது அல்ல. கடையைத் திட்டுவீர்கள், என்னைத் திட்டுவீர்கள் என்று நினைத்திருந்தேன். நான் கழிவு டப்பாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நீங்கள் உங்கள் கையைக் குறைசொல்லிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

மெதுவாகக் கேட்டேன், "எஞ்சின் ஹெட்ல எப்பவாவது வேலை பாத்தீங்களாக்கா?"

"அவிய இருக்கையில ஹெட்டு வளைஞ்சுபோச்சுன்னு ராஜபாளையத்துல லேத்துல குடுத்து சீவிட்டு வந்தாவ. வந்து, பிளக்க மாட்டிக் கழட்டி, மாட்டிக் கழட்டி, ஒரு பகலு முழுக்க இதே சோலி."

சீவியதால், எஞ்சினுக்கு மூடிபோல் மேலே உட்காரும் ஹெட்டின் கனம் குறைந்து, பிளக் நுனி பிஸ்டனை நெருங்கிவிட்டது. அதற்கு ஈடாகத்தான் அவர் பிளக்கை ஒரு வாஷர் கனம் தூக்கி வைத்திருக்கிறார். எல்லாம் விளங்கியது.

"இத அன்னைக்கே கடையில சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க கேட்டீகளா?"

நான் பையைத் திறந்து புதுப் பிளக்குகளையும் வாஷர்களையும் வரிசையாக எடுத்து வைத்தேன்.

புதிய பிளக்கில் இரண்டு வாஷர் போட்டால் இடிக்காது என்று எனக்கு நிச்சயம்தான். ஆனாலும் என் நிச்சயத்தை நம்பி ஒருமுறை கெட்டாயிற்று. சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும் என்றேன். பிளக் நுனியில் மெத்தென்று எதையாவது ஒட்டி மாட்டி, எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், அது நசுங்கியிருப்பதைப் பார்த்து எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

"களிமண்ணு போதுமா?"

"மண் உள்ளே போகக்கூடாதுக்கா."

"அப்ப கொழுக்கட்டை மாவுதான்" என்று உள்ளே போய் அரிசி மாவைப் பிசைந்து எடுத்துவந்தீர்கள். முதலில் ஒரு வாஷரோடு மாட்டினேன். இரும்புக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் அவரைப் பார்த்து, "ஏலே, சும்மாத்தான நிக்க? வந்து கம்பியப் பிடிச்சு மெதுவாச் சுத்து" என்றீர்கள். உடைக்க வந்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து சுற்றினார். லேசாகத் தட்டுப்பட்டு நின்றது. கழற்றினேன். மாவு பிதுங்கி, உலோகம் பளிச்சென்று தெரிந்தது. அடுத்து இரண்டு வாஷரோடு. இந்தத் தடவை தடையில்லாமல் சுற்றியது. கழற்றிப் பார்த்தால் நுனிமேல் மாவு ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு அப்படியே ஒட்டியிருந்தது. மூன்று பேரும் குனிந்து அந்த மாவைப் பார்த்தோம்.

"அவிய வச்ச கணக்கு" என்றீர்கள்.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். பிஸ்டன் தலையில் நகக்குறி போல ஒரு தடம், அவ்வளவுதான். மாவைத் துடைத்து எடுத்து, நான்கையும் இரண்டிரண்டு வாஷரோடு மாட்டினோம். பெட்ரோலைத் திறந்தீர்கள். இரும்புக்காரர் இரண்டு முறை சுற்றினார், கிளம்பவில்லை. மூன்றாவது சுற்றில் இருமியது. நான்காவதில் பிடித்துக்கொண்டது. எஞ்சின் சூடேறும் வரை நின்றபடியே பால்கோவாவைப் பிரித்தோம். பாதிக்குமேல் இரும்புக்காரர்தான் சாப்பிட்டார்.

"கயிறு கொண்டாந்தது வீணாப் போச்சேக்கா" என்றார் அவர், விரலைச் சப்பிக்கொண்டே.

"வீணாப் போகாது. லாரியில என்னமும் கட்டணும்னா கட்டிக்கோ."

மண்ணெண்ணெய்க்கு மாற்றினீர்கள். சத்தம் கொஞ்சம் கனத்து, பிறகு சீராயிற்று. நீங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, வண்டியைப் பார்க்காமல் உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அந்தக் காட்சி மறக்கவில்லை. நான் கிளம்பும்போது, பல்லைக் கடித்துக் கிடந்த அந்தப் பிளக்கை என் சட்டைப்பையில் போட்டீர்கள்.

"வச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு, அண்ணாச்சி. தப்பச் செஞ்சவனெல்லாம் ஓடி ஒளிவான். நீங்க கேள்விப்பட்டதும் பஸ் ஏறி வந்து நின்னீகளே."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும், கேள்விப்பட்டதும் வரவில்லை என்று. சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சந்தித்தோம். ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வந்து திரும்பியது. இதோ இப்போதுதான் சொல்லியிருக்கிறேன், பதில் சொல்ல நீங்கள் இல்லாதபோது. அதுவும் என் சுபாவம்தான் போலிருக்கிறது. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். "இதுக்கா இத்தன வருசம்?" என்றிருப்பீர்கள். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். என் பக்கம் சாய்ந்து நினைக்கிறேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

அந்த ஐப்பசியில் நெல் ஊறப்போட்டவர்கள் டீசல் வண்டிக்குப் போனது போனதுதான். ஆனால் அடுத்த போகத்துக்குப் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள் என்று சொன்னீர்கள். சூடான பிளக் சரியாகவே அமைந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு நீங்கள் அடுப்பில் பிளக் சுடவில்லை. தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு டீசல் டிராக்டர் வந்தபின்னும் உங்கள் வண்டி நிற்கவில்லை. குறுகலான வயல், சேறு ஆழமான வயல் எல்லாம் உங்களுக்குத்தான் என்று ஆயிற்று. வன்னியம்பட்டியில் ஒருவர், வ. புதுப்பட்டியில் ஒருவர் என்று எங்கெங்கோ கிடந்த பழைய எஞ்சின்காரர்கள் உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள்.

"பி.எஸ்ஸி அண்ணாச்சிட்ட போங்கன்னு அந்தக்கா சொன்னாவ. அவரு கேள்வி கேப்பாரு, பதில் வச்சுக்கிட்டுப் போங்கன்னும் சொன்னாவ."

ஆமாம், கேட்டேன். முதலில் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்டேன். இந்த எஞ்சினில் இதுவரை என்னென்ன மாற்றினீர்கள்? யார் மாற்றினார்கள்? ஏன்? முதலாளி, "பிளக்கு விக்கீரா, ஜாதகம் பாக்கீரா?" என்பார். ஆனால் மனிதர்கள் சொன்னார்கள். அரை மணி நேரம் சொன்னார்கள். என் நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு புதிய கட்டம் போட்டேன், "அவர்கள் சொன்னது" என்று. கொஞ்ச நாளில் அந்தக் கட்டம்தான் பெரிதாக இருந்தது. வகுப்பில் நாற்பது பேருக்கு முன்னால் வராத பேச்சு, பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருவரிடம் எனக்கு வந்தது. பழக்கம் வீட்டுக்கும் வந்தது. ஒருநாள் என் மனைவியிடம் சும்மா கேட்டேன். பத்து வருடமாக மாதம் தவறாமல் நான் வாங்கி வந்த ஜவ்வரிசி வடகம் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். "நீங்க ஆசையா வாங்கிட்டு வாரீகன்னு வறுத்தேன்" என்றாள். எனக்கும் அது பிடிக்காது.

நாளைக் காலை பஸ்ஸில் உங்கள் ஊருக்குப் போகிறேன். மருமகள் வேண்டாம் என்கிறாள். எண்ணைச் சொன்னால் அவர்களே வாங்கிக்கொள்ளமாட்டார்களா என்கிறாள். உங்கள் வண்டிக்கு நான் கொடுத்த பிளக் இப்போது வருவதில்லை. எண்கள் எல்லாம் மாறிவிட்டன. இன்று பகல் முழுக்கப் பட்டியல்களை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் பையில் வாஷர் பன்னிரண்டு எடுத்து வைத்தேன், ஒரு சம்புடத்தில் அரிசி மாவும். அந்தப் பழைய பிளக்கும் உண்டு, நுனி தட்டையானது. வேலையை விட்டு வரும்வரை கடைப் பலகையில் என் பக்கத்திலேயே இருந்தது. இப்போது சட்டைப்பையில் இருக்கிறது.

உங்கள் மகளிடம் முதலில் அந்த ஒன்றரை நாளைச் சொல்லிவிடப் போகிறேன். பிறகு நோட்டைத் திறப்பேன். நாளைக்கான பக்கத்துக்கு எண் போட்டாகிவிட்டது. பிளக்கின் எண்ணை இன்னும் எழுதவில்லை. முதல் வரியில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருக்கிறேன்: "இந்த வண்டி உன் கைக்கு வந்த பிறகு இதில் என்னென்ன மாற்றினாய், அம்மா?" அதன்கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.